கல்கத்தாவிலிருந்து திருச்சிக்கு ஆறு மணி நேரம்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. இதை எந்தச் சபையிலும் சத்தமாகச் சொல்வேன். கல்கத்தாவில் என் லாரி ஆபீசில் பி.ஏ. படித்த இரண்டு பேர் எனக்குக் கணக்கு எழுதினார்கள். அவர்கள் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் நான் மனக்கணக்கில் விடையைச் சொல்லிவிடுவேன். எந்த ஊருக்கு எத்தனை மைல், எந்த ஏற்றத்தில் வண்டி திணறும், எந்தப் பாலத்தில் மழைக்குத் தண்ணீர் ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூரத்தை விற்றுப் பிழைத்தவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு தூரத்தில் தலைகுனிந்து நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காமல் கையைக் கழுவிவிடுகிற நாள் உண்டு.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் கல்கத்தாவுக்கு ரயிலேறினேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எனக்கென்று இருந்தது ஒரு தங்கச்சி. அவளைத் திருக்கோகர்ணத்தில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவரானேன். ஓட்டை லாரி ஒன்றை வாங்கினேன். அதை இரண்டாக்கி, நாலாக்கி, ஏழெட்டு வருஷத்துக்குள் சொந்த ஆபீஸ் போட்டு மேசை மேல் டெலிபோனும் வைத்துவிட்டேன். யாரும் கைதூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. இதற்கிடையில் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்தது. சித்தப்பா முன்னின்று நடத்தினார். அந்த வாரம் பார்த்து அஸ்ஸாமுக்குப் பெரிய லோடு ஒன்று அமைந்தது. சீர் சாமான்களுக்கு வேண்டியதை அனுப்பி வைத்தேன், ஆள் போகவில்லை.

அவள் வாழ்க்கைப்பட்டது திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு கிணறு, நஞ்சை புஞ்சை, வாசலில் நாலு ஜோடி மாடு என்று ஊரில் தலையெடுத்த குடும்பம். மாமனார் அளந்து பேசுகிறவர். மாமியார் அளக்காமல் பேசுகிறவர். "அண்ணன் இருக்காருங்குறாக, ஆளைத்தான் கண்ணுல காணோம்" என்று விருந்தாளி வந்தால் முதல் பேச்சே அதுதானாம். கல்யாணத்துக்கு வராத அண்ணனை உடைய பெண் புகுந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்பதை நான் கல்கத்தாவில் உட்கார்ந்து யோசித்ததில்லை. அவள் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "நான் பிறந்த வீடு இல்லாதவள் என்று பேச்சு வருகிறது, அண்ணே."

அவளுக்கு முதலில் பெண் குழந்தை பிறந்தது. நடக்கத் தொடங்கியதும், குலதெய்வம் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று பேசினார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் மாலை போட்டுக்கொண்டு சப்பணமிட்டு உட்கார, பிள்ளையை அவன் மடியில் வைத்து ஆசாரி காது குத்துவார். தோடும் மாமன் கொண்டுவருவதுதான். அன்றைக்கு யார் மடியில் பிள்ளை உட்காருகிறதோ அவன்தான் அதற்கு மாமன். பின்னால் அது பெரியவளாகும்போது தனியே உட்காரத் தென்னங்கீற்றில் குச்சு கட்டவும், கல்யாணத்தில் முதல் மாலை எடுத்துக் கொடுக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

மாமனார் முறையாக எனக்குக் கடிதம் போட்டார். வைகாசியில் ஒரு நாள் இருக்கிறது, ஆவணியில் ஒரு நாள் இருக்கிறது, கல்கத்தாவிலிருந்து ரயிலில் வருவதென்றால் மூன்று நாள் ஆகுமே, மாப்பிள்ளைக்கு எது தோது என்று கேட்டிருந்தார். எவ்வளவு பக்குவமான மனுஷர் பாருங்கள். ஆவணி என்று எழுதிவிட்டுச் சாவகாசமாக ரயிலில் வந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

என் ஆபீஸ் சுவரில் இந்தியா மேப் ஒன்று தொங்கியது. மூட்டை தைக்கிற சணல் நூலை எடுத்துக் கல்கத்தாவில் ஒரு முனையை வைத்துத் திருச்சியில் மறு முனையை இழுத்துப் பிடித்தேன். நூல் வங்காள விரிகுடா மேலேயே வந்து ஊருக்குள் ஏறியது. கடலுக்கு மேலே ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, செக்போஸ்ட் இல்லை. நான் லாரி ஓட்டிய ரோட்டு மைலை வைத்து நூலை அளந்தால் ஆயிரம் மைலுக்குச் சற்று மேலே வந்தது. ஏரோப்ளேன் மணிக்கு எத்தனை மைல் போகும் என்று அடிக்கடி பம்பாய் போய்வருகிற மார்வாடி ஒருவர் சொல்லியிருந்தார். வகுத்தேன். ஆறு மணி நேரம். அந்த வகுத்தலில் இன்றைக்கும் ஒருவன் பிழை கண்டுபிடிக்க முடியாது.

அதுவரை நான் ஏரோப்ளேனில் ஏறியதில்லை. ஆனால் எழுதிய கடிதத்தில் நான் வாராவாரம் பறக்கிறவன் மாதிரி இருந்தது. "வைகாசியே இருக்கட்டும் மாமா. ரயில் எல்லாம் மற்றவர்களுக்கு. காலைக் காபியைக் கல்கத்தாவில் குடித்துவிட்டு முதல் நாள் பொழுது சாயும் முன்னே திருச்சியில் இறங்கிவிடுவேன். ஆறு மணி நேரம்தான்" என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை மாமனார் நாலு பேரை வைத்துக்கொண்டு வாசித்தாராம். தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாளாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. "ஆகாசத்துலேருந்து எறங்குற மாமன் நம்ம ஜில்லாவுலேயே யாரு புள்ளைக்கு இருக்கான்?" என்று மாமியாரே குளத்துக்கரையில் சொன்னாராம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த ஒரு மாதம்தான் தங்கச்சி நிமிர்ந்து நடந்தாள். இதெல்லாம் சித்தப்பா மகன் பிறகு சொல்லித் தெரிந்தது.

டிக்கெட் வாங்கப் போனேன். மெட்ராஸ் வரைக்கும் கொடுத்தார்கள். அங்கிருந்து திருச்சிக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் இங்கிலீஷில் மழை மாதிரி பேசினாள். பக்கத்தில் கோட்டுப் போட்டவர்கள் நின்றார்கள். கேட்டால் இவன் முதல் தடவை போகிறான் என்று தெரிந்துவிடும். மெட்ராஸ் எவ்வளவு பெரிய ஊர், அங்கே திருச்சிக்கு ப்ளேன் நிற்காமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வருகிற மாதிரி. லாரிக்காரன் புத்தி.

ப்ளேன் புறப்படவே தாமதம். ஏறி உட்கார்ந்ததும் ஒரு பெருமை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்குக் கீழே கடல் நான் நூல் பிடித்த மாதிரியே கிடந்தது. விசாகப்பட்டினத்தில் இறக்கினார்கள். வழியில் இறக்குவார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அங்கே வானம் கறுத்துக்கிடந்தது. தெளிந்த பிறகுதான் எடுப்போம் என்று எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் தோட்டுப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சிவப்புக் கல் பதித்த குட்டித் தோடு, கல்கத்தாவிலேயே பெரிய கடையில் சொல்லிச் செய்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"திருச்சி ப்ளேன் எங்கே நிக்குது?" என்று யூனிபாரம் போட்ட ஒருவரிடம் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளன்னிக்கி சார்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. அது தினம் போற சர்வீஸ் இல்லை சார். டிக்கெட் எடுத்த இடத்துல சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

டாக்சி பிடித்து எழும்பூருக்கு ஓடினேன். ராத்திரி ரயிலில் மூன்றாம் வகுப்பில் நிற்க இடம் கிடைத்தது. ஊருக்கு ஊர் நின்று ஒன்பது மணிக்கு மேல் திருச்சி போய், அங்கிருந்து கார் பிடித்தாலும் கோவிலுக்குப் போக மத்தியானம் ஆகும். முகூர்த்தம் காலையில். ஸ்டேஷனிலேயே தந்தி ஆபீஸ் திறந்திருந்தது. ஒரு தந்தி கொடுத்திருந்தால் ஆள் வருகிறான் என்று தெரிந்து, அன்றைக்கே உச்சிக்குப் பின்னால் இருந்த இன்னொரு நல்ல நேரத்துக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். "ரயிலில் வருகிறேன்" என்று எழுத வேண்டும். ரயில் எல்லாம் மற்றவர்களுக்கு என்று எழுதிய கை. எழுத வரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் "சார், குடுக்குறீங்களா இல்லையா?" என்றார். நகர்ந்து வந்துவிட்டேன். எத்தனையோ ராத்திரி அந்த ஜன்னலுக்கு மனசுக்குள் திரும்பிப் போய் நின்று அந்த இரண்டு வார்த்தையை எழுதியிருக்கிறேன்.

காலையில் திருச்சியில் கார் எடுத்தேன். ஏரோடிரோம் புதுக்கோட்டை ரோட்டிலேயேதான் இருக்கிறது. தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். வேலிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "எப்பவாச்சும் வருங்க, நம்ம ஆளுக யாரு இதுல போறா?" என்றார் டிரைவர். நார்த்தாமலை தாண்டி, புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டை கண்ணில் பட்டபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

கோவில் வாசலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. என் கார் வந்து நின்றதும் பரிமாறுகிற கையெல்லாம் நின்றது. நான் இறங்கினேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"என்னத்தைச் சொல்றது மாமா, ப்ளேன் திருச்சிக்கு வந்து எறங்க நேரமாயிருச்சு. மேகம்."

மாமனார் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏப்பா, அந்த ஏரோப்ளேன் தண்டவாளத்துலயா வந்துச்சு? காலரு பூராக் கரியா இருக்கு?"

பந்தியே சிரித்தது. கையை வைத்துப் பார்த்தேன். கழுத்து, காது மடல், வெள்ளைக் காலர் எல்லாம் இஞ்சின் கரி. கல்கத்தாவில் புதிதாகத் தைத்த கோட்டு.

"மாமா, அவுகளைப் பாத்துச் சிரிக்காதிக. மேகத்துல நடந்து வந்துருக்காக, கரி ஒட்டத்தானே செய்யும்" என்று கிழவரிடம் சொன்னார் மாமியார். அதற்கும் சிரித்தார்கள்.

மாமனார் சிரிக்கவில்லை. "நேத்து நானே காரெடுத்துக்கிட்டு ஏரோடிரோமுக்கு வந்திருந்தேன் மாப்பிள்ளை" என்றார். "மாலையும் வாங்கிட்டுப் போயிருந்தேன். அங்கிட்டு வாட்ச்மேன் ஒருத்தன்தான் இருந்தான். இன்னைக்கு ப்ளேனே கெடையாதுங்கன்னான். எம் மருமக அண்ணன் கடுதாசி போட்டுருக்காரு, ஒனக்குத் தெரியாதுடான்னு அவனை வஞ்சுட்டேன். இருட்டுற வரைக்கும் நின்னு பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "கைகால் கழுவிட்டு வாங்க. எலை போடச் சொல்றேன்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை பதில் பேசியிருப்பேன். எனக்குப் பேச வரும். அந்த மனுஷர் மாலையோடு வேலிக்கு வெளியே நின்றதை நினைத்துக்கொண்டே கைகால் கழுவப் போனேன்.

தங்கச்சி மரத்தடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். காது இரண்டும் சிவந்து, அதில் பெரியவர்கள் போடுகிற தோடு, அந்தச் சின்னக் காதுக்குப் பாரமாகத் தொங்கியது. பக்கத்தில் சித்தப்பா மகன் நின்றான். என்னைவிட இளையவன், திருக்கோகர்ணத்தில் அரை வேலி நிலத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், முதல் நாளே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெண்டாட்டியோடு வந்து சேர்ந்திருக்கிறான். கழுத்தில் மாலையைக் கழற்றாமல் இருந்தவன் என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கழற்றினான்.

"நேரம் தப்பிப்போகும்னு எல்லாரும் அவசரப்படுத்துனாக அண்ணே. மாமன் மடி இல்லாம எப்புடின்னு பேச்சு வந்துச்சு. நான் சும்மா உக்காந்தேன்."

அவன் பெண்டாட்டி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். காற்றில் முந்தானை விலகியபோது பார்த்தேன். அவள் காது ஓட்டையில் இரண்டு வேப்பங்குச்சி செருகியிருந்தது. பிள்ளைக்கு மாமன் தோடு இல்லையே என்று ஆசாரி கையை மடக்கிக்கொண்டு நின்றபோது, அவள் தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் இருந்த தங்கம் தாலிக்கு அடுத்து அது ஒன்றுதான்.

நான் கோட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் திறந்து பார்த்தாள். சிவப்புக் கல் வெயிலில் மின்னியது. மூடினாள். எழுந்துபோய் அந்தப் பெண் கையில் வைத்தாள்.

"இதை உருக்கி ஒங்களுக்குச் செஞ்சுக்கங்க, மதினி."

"ஐயையோ, புள்ளைக்கு வந்ததுல்ல?"

"புள்ளைக்குத்தான் நீங்க போட்டுட்டீகளே."

என் பக்கம் திரும்பி, "சாப்புடுண்ணே. பந்தி முடியப்போகுது" என்றாள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் தந்தி கொடுக்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அவளுடைய மாமியார் சத்தம் போட்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "பொறந்த வீட்டு ஆளு வந்தாச்சுல்ல, சோத்துக்கு." நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். தங்கச்சி பரிமாறினாள். சோற்றை மட்டும் பார்த்துக்கொண்டு தின்றேன். நாலு லாரிக்குச் சொந்தக்காரன்.

அதற்குப் பிறகு நான் நிறையப் பறந்தேன். எதில் ஏறினால் எங்கே இறக்குவான், எந்த ஊரில் நடு ராத்திரி வண்டி மாற்றுவான், திருச்சிக்கு எந்தெந்தக் கிழமை ப்ளேன், எல்லாம் என் விரல் நுனிக்கு வந்தது. கல்கத்தாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் ஊருக்குக் கிளம்புமுன் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். நான் சொன்னால் கடிகாரம் தப்பினாலும் தப்பும், நான் தப்ப மாட்டேன். லாரியும் பெருகிவிட்டது. தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெட்டி நிறையக் கொண்டுபோவேன். பிள்ளை என்னைக் "கல்கத்தா மாமா" என்பாள். சித்தப்பா மகனை வெறும் "மாமா" என்பாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் தந்தி வந்தது. பெண் பெரியவளாகிவிட்டாள். மறுநாள் தாய்மாமன் குச்சு கட்ட வேண்டும். தந்தியைக் கையில் வாங்கியபோதே எனக்குக் கிழமை ஓடிவிட்டது. ராத்திரி தபால் ப்ளேனில் நாக்பூர், அங்கே மாறி மெட்ராஸ், காலையில் திருச்சிக்கு சர்வீஸ் இருக்கிற நாள். எழுந்து கிளம்பினேன். ஒரு இடத்திலும் தாமதமில்லை. திருச்சியில் இறங்கிக் கார் பிடித்தேன். வழியில் தென்னந்தோப்பில் காரை நிறுத்திப் பச்சைக் கீற்று வெட்டச் சொல்லிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனேன். நான் வருவேன் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

வாசலில் சித்தப்பா மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு மூங்கிலை நட்டு முடித்திருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"வந்துட்டீகளாண்ணே! வாங்க, இந்தாங்க, நீங்க கட்டுங்க. நீங்க இருக்கப்ப நான் கட்டுறதா?"

மனசாரத்தான் சொன்னான். அவனிடம் சூது கிடையாது. நான் கோட்டைக் கழற்றிக் கார் மேல் போட்டேன். கயிற்றை எடுக்கக் குனிந்தேன்.

மாமியார், வயதாகி இடுப்பு வளைந்திருந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "தம்பி, வந்தது சந்தோசம். ஆனா மடில வச்சவுக கையால கட்டுறதுதான் மொறை. புள்ளைக்கு நல்லதப் பாக்கணும்ல" என்றார்.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் சொன்னால் மாமியார் மறுக்க மாட்டார். அந்த வீட்டில் இப்போது சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. "அண்ணனே கட்டட்டும் அத்தை" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் ராத்திரி பூராவும் பறந்து வந்தேன்.

அவள் கார் மேலிருந்த கீற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சின்னண்ணே கட்டட்டும்" என்றாள். "நீ ஓலைய எடுத்துக் குடுண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்படியில் பாத்திரம் எடுத்துக் கொடு என்பது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் காரிலிருந்து கீற்றுகளை இறக்கினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். ஒன்று ஒன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கி வாங்கிக் கட்டினான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பெண் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கீற்று சாய்ந்தபோது, "மாமா, அங்கிட்டுச் சரியுது" என்றாள். நான்தான் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டிச் சரி செய்யப் போனேன். அதற்குள் அவன் திரும்பி நிமிர்த்திவிட்டான்.

அன்றைக்குக் கல்கத்தாவிலிருந்து எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.